மாடக்கண்ணுவின் கூடுதல் பொறுப்பு

நீலவரை நாட்டு மன்னர் வீரமகுடருக்கு ஒரு வியாதி உண்டு. பக்கத்து ராஜா எதை வைத்திருந்தாலும் அதில் ஒன்று கூடுதலாக இவருக்கு வேண்டும். அவர் ஆறு பாடப்பிரிவுகளோடு ஓர் அறிவியல் கல்லூரி கட்டினார். நம்மவர் விடுவாரா? ஏழு பிரிவுகளோடு ஒன்று கட்டி, ஏழு பலகைகளையும் மாட்டிவிட்டார்.

பலகைகள் அப்படியே இருந்தன. ஆசிரியர்கள்தான் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். ஒருவர் காசிக்குப் போனார். இன்னொருவர் மகன் வீட்டோடு போய்விட்டார். ஒவ்வொரு முறையும் பிரதானி நாகலிங்கம் ஓர் ஓலை அனுப்புவார். அதில், 'அந்தப் பிரிவை மங்கைபாகர் கூடுதல் பொறுப்பாகப் பார்த்துக்கொள்வார்' என்றிருக்கும். அவ்வளவுதான், பிரச்சினை தீர்ந்தது. இப்படி ஆறு ஓலைகள் வந்து சேர்ந்தன. பாவம், மங்கைபாகர் படித்தது தாவரவியல் மட்டும். மணி அடித்தால் வேரைப் பாதியில் விட்டுவிட்டு நட்சத்திரத்துக்கு ஓடுவார். அடுத்த மணிக்கு நட்சத்திரத்தை விட்டுவிட்டுத் தவளைக்கு ஓடுவார்.

இந்த நேரம் பார்த்துப் பக்கத்து ராஜா பத்துப் பிரிவுகள் ஆக்கிவிட்டதாகச் செய்தி வந்தது.

"நமக்குப் பதினொன்று! தைப் பௌர்ணமிக்குள்!" என்றார் மன்னர்.

"ஆசிரியர்கள், பிரபு?" என்று மெல்லக் கேட்டார் அவையில் யோசனை சொல்லும் செவ்வந்தியப்பர்.

பிரதானி முந்திக்கொண்டார். "எதற்கு? மங்கைபாகர் இருக்கிறாரே. முடியாதென்றால் அவர் வீட்டுக்குப் போகட்டும். கல்லூரியை மூடி யானைத் தீவனம் அடுக்கலாம்."

"சரியாகச் சொன்னீர்" என்றார் மன்னர்.

அன்று மாலை மங்கைபாகர் செவ்வந்தியப்பர் வீட்டுக்கு வந்தார். பேசிப் பேசித் தொண்டை கட்டி, காற்றுதான் வந்தது. "ஐயா, என் வேலை போனாலும் போகட்டும். இருநூறு பிள்ளைகள் என்ன ஆவார்கள்? தப்பும் தவறுமாகச் சொல்லிக்கொடுத்துவிட்டு வீட்டில் போய் அழுகிறேன் ஐயா" என்றார். செவ்வந்தியப்பர் முழுவதையும் கேட்டுக்கொண்டார். அந்த மனுஷன் முகத்தில் எதையும் காட்டிக்கொள்கிறவர் இல்லை. வெந்நீர் கொடுத்து அனுப்பிவைத்தார்.

மறுநாள் அவையில், "பிரதானியாரின் முறை அற்புதம், பிரபு. கல்லூரி மட்டும் ஏன் அனுபவிக்க வேண்டும்? நாளை ஒருநாள் அரண்மனையிலும் நடத்திப் பார்க்கிறேனே" என்றார்.

மன்னருக்கு உச்சி குளிர்ந்தது. உடனே முத்திரை வைத்துக் கொடுத்தார்.

விடிந்தது. பக்கத்து ராஜாவின் தூதர் வரும் நாள் அது. மன்னர் சவரத்துக்கு உட்கார்ந்தார். வந்து நின்றவன் யானைப்பாகன் மாடக்கண்ணு. கையில் யானை தேய்க்கும் தேங்காய் நார்.

"நீ எங்கே இங்கே?"

"சவரம் நமக்குக் கூடுதல் பொறுப்பு, மகாராஜா."

"சவரம் தெரியுமா உனக்கு?"

"அதை யாரும் கேக்கலீங்க. ஓலைதான் குடுத்தாங்க."

மன்னர் வாயைத் திறப்பதற்குள் நார் கன்னத்தில் விழுந்தது. தோல் உரிகிற மாதிரி தேய்த்துவிட்டு, கத்தியை எடுத்து இடது பக்கம் முழுவதும் மழித்தான். தாடியும் போயிற்று, மீசையும் போயிற்று. வெளியே டாண் டாண் என்று மணி அடித்தது. மாடக்கண்ணு கத்தியைக் கீழே வைத்தான்.

"எங்கே போகிறாய்? வலது பக்கம்?"

"மணி அடிச்சாச்சுங்க. அடுத்து சமையல். மீதி நாளைக்கு நடத்துறேன்."

ஓடியே போய்விட்டான். கொஞ்ச நேரத்தில் காலை உணவு வந்தது. தலை அளவுக்கு ஒரு சோற்றுக் கவளம், நடுவில் வெல்லம்.

"டேய், இது யானைக்குப் போடுவதல்லவா?"

"ஆமாங்க. ரெண்டு வகுப்புக்கும் சேர்த்துத்தான் தயார் பண்ணினேன்."

மறுபடி மணி. மறுபடி ஓட்டம். பாதி மீசையோடு மன்னர் கத்திய கத்தலில் பிரதானியும் செவ்வந்தியப்பரும் ஓடிவந்தார்கள்.

"என்னய்யா இது கூத்து? சவரக்காரர் வேலாயுதம் எங்கே?"

"முத்திரை வைத்துக் கொடுத்தீர்களே பிரபு. பதிவேட்டில் பாருங்கள். சவரம் நடந்தது, உணவு வழங்கப்பட்டது. ஒரு பணியும் நிற்கவில்லை" என்றார் செவ்வந்தியப்பர்.

"அவனுக்கு ஒரு எழவும் தெரியவில்லையே!"

"மங்கைபாகருக்குத் தவளை தெரியுமா, பிரபு?"

பிரதானி தரையைப் பார்த்தார். மன்னர் கண்ணாடியைப் பார்த்தார். வாசலில் கொம்பு ஊதினார்கள். தூதர் வந்துவிட்டார்.

"ஐயோ, இந்த முகத்தோடு எப்படி அவைக்கு வருவேன்?"

"கவலை எதற்கு? தூதருக்கு இடப்பக்கம் ஆசனம் போடச் சொல்லிவிட்டேன். தாங்கள் திரும்பாமல் இருந்தால் போதும்" என்றார் செவ்வந்தியப்பர்.

"வலப்பக்கம் வந்து பார்த்துவிட்டால்?"

"பார்க்க மாட்டார். ஆண்டுதோறும் தாங்கள் கல்லூரியைப் பார்வையிட வரும்போது இப்படித்தான் செய்கிறோம். இருக்கிற ஒரே தூரநோக்கியையும் நாலு கண்ணாடிக் குடுவையையும் இடப்பக்கத்து அறையில் வைத்துத் தங்களை அங்கேயே சுற்றவிடுவோம். வலப்பக்கம் பூட்டியிருக்கும். ஏழு ஆண்டுகளாகத் தாங்கள் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை, பிரபு."

மன்னர் மழித்த கன்னத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு பாதி மீசை குலுங்கக் குலுங்கச் சிரித்தார்.

"பிரதானி! எழுதும் ஓலை. பதினொன்றும் வேண்டாம், பத்தும் வேண்டாம். இருக்கிற ஏழுக்கும் ஏழு ஆசிரியர், ஏழு அறைக்கும் கருவிகள். மங்கைபாகருக்கு ஒரு மாதம் ஓய்வு. செவ்வந்தியப்பரே, உமக்கு இந்த முத்துமாலை. இப்போதாவது வேலாயுதத்தைத் தேடிப் பிடித்து வாரும்!"

"தேட வேண்டாம், பிரபு. கத்தியைத் தீட்டி வைத்துக்கொண்டு கதவுக்கு வெளியேதான் நிற்கிறார்."

"பிறகென்ன, உள்ளே வரச் சொல்லுமேன்!"

செவ்வந்தியப்பர் பணிவாகக் கைகட்டி நின்றார்.

"ஏழு ஆசிரியர் ஓலையில் முத்திரை விழட்டும் என்று காத்திருக்கிறார்."