கீரிக்குக் கிடைத்த குறையில்லாத சிவப்புக்கல்

ஆற்றங்கரைக் காட்டில், மேட்டின் மேல் வளை தோண்டிக் குடியிருந்தாள் செவ்வந்தி என்ற கீரி. மழைக்காலத்தில் ஆறு பொங்கினால் கீழ்க்கரை வளைகளெல்லாம் மூழ்கிப்போகும். இவள் வளை மட்டும் நனையாது. கணவனை இழந்தவளுக்கும் பிள்ளைகளுக்கும் அது ஒன்றுதான் சொத்து.

மூத்த மகள் பூவாயிக்குக் கல்யாணம் கூடிவந்தது. அந்தக் காட்டுக் கீரிகளிடம் ஒரு வழக்கம். மலை மண்ணில் விளைந்த சிவப்புக்கல் ஒன்றை அம்மா தன் கையால் பெண்ணின் கழுத்தில் கட்டி அனுப்ப வேண்டும்.

செவ்வந்தி முள்ளம்பன்றி கருத்தானிடம் போனாள். கிழங்குக்காக மலையடிவாரத்தைத் தோண்டுகிறவன் அவன். தோண்டும்போது எப்போதாவது கல்லும் அகப்படும்.

“இந்தா தங்கச்சி! என் வளை வாசல்ல ஒரு பாம்பு வந்து படுத்துக்குது. அதை விரட்டி விடு, கல்லை எடுத்துக்கோ!”

செவ்வந்தி கல்லை வெயிலில் தூக்கிப் பார்த்தாள். முகம் சுருங்கிவிட்டது.

“ஐயோ அண்ணே! உள்ளே முடி மாதிரி கோடு ஓடுதே! புள்ளி வேற இருக்கு! இந்தத் தோஷக் கல்லையா என் மகள் கழுத்துல கட்டுறது?”

“மண்ணுக்குள்ள வளர்ந்தது தங்கச்சி. கொஞ்சம் அழுக்கையும் சேர்த்துக்கிட்டுத்தான் வளரும்.”

“வேண்டாம் அண்ணே. அப்பா இல்லாத பொண்ணு. ஒரு குறையும் வரக்கூடாது!”

அவளைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். பெற்ற மனசு அப்படித்தான் பயப்படும். அடுத்த வளைக் கீரி ஒருத்தி பாம்பை விரட்டிவிட்டு அந்தக் கல்லைத் தன் மகளுக்கு வாங்கிப் போனாள்.

இவ்வளவையும் புதருக்குள் இருந்து கேட்டுக்கொண்டிருந்தது சிங்காரம் என்ற நரி.

ஊர் எல்லையில் ஒரு பட்டறை. மனிதர்கள் அங்கே பொடியை உலையில் உருக்கிச் சிவப்புக்கல் வளர்ப்பார்கள். அவர்கள் கழித்துப் போட்ட கற்களை நரி பொறுக்கி வந்து வைத்திருந்தது. அது கண்ணாடி அல்ல. மலைக்கல்லின் நிறமும் உறுதியும் அப்படியே அதற்கும் உண்டு. உலையில் பிறந்தது என்று சொல்லி விற்றால் ஒரு தப்பும் இல்லை. சிங்காரம் சொன்னால்தானே!

“அக்கா, இதைப் பாருங்க! கோடு உண்டா? புள்ளி உண்டா?” என்றது நரி.

செவ்வந்தி பார்த்தாள். தீப்பொறி போல ஜொலித்தது கல். கூழாங்கல்லில் தேய்த்தும் பார்த்தாள். ஒரு கீறல் விழவில்லை.

“என்ன விலை தம்பி?”

“உங்க மேட்டு வளை! நல்ல சரக்குக்கு நல்ல விலை, அக்கா!”

செவ்வந்தி பக்கத்தில் நின்ற மகளைப் பார்த்தாள். வளையைக் கொடுத்துவிட்டாள். சின்னப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கீழ்க்கரைக்குக் குடிபோனாள்.

கல்யாணத்துக்கு முதல் நாள் பூவாயி குளத்தில் குனிந்து தன் அழகைப் பார்த்தாள். கழுத்தில் வைத்துப் பார்த்த கல் நழுவித் தண்ணீருக்குள் விழுந்துவிட்டது! கூட வந்திருந்த செவ்வந்தி, கரை மரத்தில் இருந்த மீன்கொத்தியைக் கூப்பிட்டாள்.

மீன்கொத்தி கிளையில் உட்கார்ந்தபடியே தண்ணீருக்குள் உற்றுப் பார்த்தது.

“எடுத்துத் தரேன் அக்கா. ஆனா உள்ளே கோடெல்லாம் வளைஞ்சு வளைஞ்சு ஓடுதே! உருண்டையா ஒரு குமிழியும் இருக்கு!”

“பொய்! நான் வெயிலில் பார்த்தேன். சுத்தமா இருந்தது!”

“வெயில்ல பளபளப்புதான் தெரியும். தண்ணிக்குள்ள அது அடங்கிடும், உள்ளே இருக்கிறது தெரியும். ஆத்துல எத்தனையோ மலைக்கல் பார்த்திருக்கேன் அக்கா. அதுல கோடு நேரா ஓடும். இப்படி வளையாது.”

செவ்வந்தி நம்பவில்லை. அடுத்த வளைப் பெண்ணின் கல்லை இரவல் வாங்கி வந்து பக்கத்தில் போடச் சொன்னாள். அதில் கோடுகள் நேராகவே ஓடின. அவள் கரையில் உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

மீன்கொத்தி இரண்டு கல்லையும் எடுத்துத் தந்தது. செவ்வந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு மேட்டுக்கு ஓடினாள்.

“சிங்காரம்! இது மண்ணுல பிறந்ததா, உலையில பிறந்ததா?”

“உலையிலதான்.” நரி கொட்டாவி விட்டது. “குறையில்லாத கல் கேட்டீங்க, கொடுத்தேன். எங்கே பிறந்ததுன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

 உண்மைதான், அவள் கேட்கவே இல்லை.

“கேக்காதது என் தப்பு. தெரிஞ்சும் சொல்லாதது உன் தப்பு. வளையைத் திருப்பிக் கொடு!”

“கொடுத்தது கொடுத்ததுதான்!” என்று நரி வாசலை அடைத்துப் படுத்துக்கொண்டது.

அப்போதே மழை பிடித்துக்கொண்டது. ஆறு பொங்கிக் கீழ்க்கரைக்குள் புகுந்தது. செவ்வந்தி பூவாயியோடு சின்னதுகளைக் கவ்விக்கொண்டு மலையடிவாரம் வரை ஏறி வந்து நனைந்து நின்றாள். கருத்தான் அங்கிருந்த தன் வளையிலிருந்து தலையை நீட்டினான்.

“உள்ளே வா தங்கச்சி!” என்று கூப்பிட்டு, முள்ளெல்லாம் மடக்கிக்கொண்டு ஒரு ஓரமாக ஒடுங்கினான். அன்றைக்கே சொன்னேனே என்று ஒரு வார்த்தை பேசவில்லை. அதனால்தான் அவளுக்கு இன்னும் அழுகை வந்தது.

“உன்னை வெறுங்கழுத்தா அனுப்பப் போறேனே பூவாயி!”

பூவாயி அந்த உலைக்கல்லை அம்மா கையில் வைத்தாள். “இதையே கட்டு அம்மா. யார் கேட்டாலும் உலையில பிறந்த கல்லுன்னு சொல்லிடுறேன். மறைச்சாத்தானே வெட்கம்?”

செவ்வந்தி தன் கையால் கட்டினாள். மகள் கழுத்தில் அது அழகாகத்தான் இருந்தது. ஆனால் மழை விட்டபின் திரும்பிப் போக அவளுக்கு மேட்டு வளை இல்லை.

பார்வைக்குக் குறையில்லை என்பதால் ஒரு கல் மலையில் விளைந்ததாகிவிடாது. விலையைக் கொடுக்குமுன்னே அது எங்கே பிறந்தது என்று வாய்விட்டுக் கேளுங்கள், அதை விற்காத ஒருவரிடம் காட்டியும் பாருங்கள்.