பதினோரு பத்திரங்களின் கடைசிப் பக்கம்

"டீச்சர், நான் விடப் போறதில்ல. வழி மட்டும் சொல்லுங்க."

திருவேங்கடம் நின்றபடியே கேட்டார். வயது ஐம்பத்து நான்கு. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

ரெஜினா நிமிரவில்லை. பதிவு அலுவலகத்துக்கு எதிரே பத்திரம் எழுதுபவள். அவரைவிடப் பதினாறு வயது இளையவள். மூலப் பத்திரத்தைப் படிக்க அவருக்குச் சொல்லிக்கொடுத்தவள். அன்றிலிருந்து டீச்சர்.

விஷயம் இதுதான். ஆறு வருஷம் மனை விற்கும் கம்பெனியில் உழைத்துவிட்டுச் சித்திரையில் வெளியே வந்தார். பதினோரு மனைக்குக் கமிஷன் நின்றுபோயிருந்தது. முதலாளி வரதராசன் இன்றைக்கு வா, நாளைக்கு வா என்று மூன்று மாதம் இழுத்தார். நேற்று ஒரே போடாகப் போட்டார். வாங்கினவர்கள் எல்லாம் போர்டைப் பார்த்துத் தாங்களாக வந்தவர்களாம். நீ கூட்டி வந்தாய் என்பதற்குச் சாட்சி யார்?

கம்பெனியில் சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள்.

சொந்தத் தொழிலுக்கு ஒரு கடை பார்த்து முன்பணம் கொடுத்திருந்தார். வெள்ளிக்கிழமைக்குள் மீதி கட்ட வேண்டும். இல்லாவிட்டால் கடையும் போச்சு, முன்பணமும் போச்சு.

"எல்லாம் வாய்ப்பேச்சு டீச்சர். துண்டுச் சீட்டுகூட கிடையாது. கூட இருந்தவன் எவன் வாயைத் திறப்பான்? அவன் சம்பளம் அவனுக்கு."

ரெஜினா எழுதிக்கொண்டிருந்த பத்திரத்தை முடித்தாள். எதிர் பெஞ்சில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் காத்திருந்தார்கள். பத்திரத்தைத் திருவேங்கடத்தின் பக்கம் தள்ளினாள். மேலே பேனா.

"அண்ணே, இவங்களுக்கு ஒரு சாட்சி குறையுது. போடுங்க."

அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வந்த வேலை என்ன, இவள் வைக்கிற வேலை என்ன.

"யாருன்னே தெரியாது. எப்படிப் போடுவேன்?"

"ஒரு கையெழுத்துதானே."

"அதெல்லாம் என்கிட்ட நடக்காது." பத்திரத்தைத் திருப்பித் தள்ளினார். "நான் கூட்டிட்டு வந்த ஆளுக்குத்தான் சாட்சி போடுவேன். வேற யாருக்கும் இந்தக் கை போட்டதில்ல."

"கூட்டிட்டு வந்தவங்க எல்லாருக்குமா?"

"பின்னே? வெளியூர்ச் சனம். இங்க அவங்களுக்கு யார் இருக்கா? பதினோரு பேருக்கும் நான்தான்..."

பேச்சு அங்கேயே நின்றது.

ரெஜினா அடுத்த தாளை எடுத்தாள்.

"அந்தப் பத்திரங்களுக்கு நகல் மனு எந்த ஜன்னல்ல டீச்சர்?"

"ரெண்டாவது. வரிசை நீளமா இருக்கு, டீ குடிச்சிட்டுப் போங்கண்ணே."

அவர் அதற்குள் ரோட்டைத் தாண்டியிருந்தார்.

வியாழக்கிழமை காலை. வரதராசனின் கம்பெனி, அன்று சிரித்த அதே ஆட்கள். வரதராசன் சாய்ந்து உட்கார்ந்து, சாட்சி கிடைத்ததா என்று கேட்டார். ஒருவன் முன்கூட்டியே சிரித்தான்.

திருவேங்கடம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பதினோரு நகல்களையும் மேசையில் வைத்தார். ஒவ்வொன்றிலும் கடைசிப் பக்கம் மேலே இருந்தது.

"கிடைச்சான் முதலாளி. உங்க கையெழுத்துக்குக் கீழேயே உக்காந்திருக்கான்."

வரதராசன் ஒன்றைப் புரட்டினார். இரண்டாவதைப் புரட்டினார். ஐந்தாவதில் கை நின்றது.

"மொத்தம் எவ்வளவுன்னு சொன்ன?"