கையெழுத்திடாத இருவர்

பனைவிளையில் வாழ்ந்த, காலஞ்சென்ற தொம்மை அவர்களின் மூத்த குமாரர் சந்தியாகு அவர்கள், ஓய்வுபெற்ற தபால்காரர். வயது ஐம்பத்தொன்பது நிறைந்து அறுபது நடப்பு. பரம்பரைக் கத்தோலிக்கரேயாயினும், ஞானோபதேசம் என்னும் மறைக்கல்வியை முறையாகக் கற்க இந்த வயதில்தான் அவருக்கு மனம் வந்தது. குருவாய் வாய்த்தவர் கோயில் உபதேசியார் கித்தேரியான். சீடரைவிட இருபது வயது இளையவர்.

அவ்வாண்டு கத்தோலிக்கரான கோயில்காரருக்கும் பெந்தெகொஸ்தே ஜெபவீட்டாருக்கும் கைகலப்பு மூண்டது. அடங்கியபின் ஊர்க் கமிட்டி ஒரு தாள் எழுதிற்று. எல்லாச் சபையும் ஒன்றே. தன் சபைதான் மெய்யான சபை என்று இனி எவரும் சொல்லலாகாது. வீட்டுக்கு ஒருவர் கையெழுத்திட வேண்டும். இடாதவர் வீட்டு நல்லது கெட்டதுக்கு ஊரார் எவரும் போகமாட்டார்கள்.

சந்தியாகுவின் மகள் செசிலியாவுக்கு, கல்யாணம் விலக்கான தவசுகாலம் பிறக்குமுன் கல்யாணம். பத்தே நாள் இருந்தது. பந்தல்காரர் முதல் சமையல்காரர் வரை எல்லாரும் அதே ஊரார்.

தாள் வீடு வீடாகச் சுற்றி, வெள்ளிக்கிழமை பிற்பகல் அவர் கைக்கு வந்தது. நேரே உபதேசியாரிடம் போனார்.

"ஊரே போட்டாச்சு ஐயா. என்னைத் தவிர, நீங்களும் அந்த ஜெபவீட்டுப் பாஸ்டர் எசேக்கியாவுந்தான் பாக்கி."

"நான் போடமாட்டேன் அண்ணாச்சி. ஆண்டவர் ஸ்தாபிச்ச திருச்சபை ஒண்ணு. அது எதுன்னு எனக்குத் தெரியும். தெரியாதுன்னு எப்படி எழுதுவேன்?"

"நாமதான் மெய்யின்னு சொல்றது அன்புக்கு விரோதம் இல்லையா? அடுத்த வீட்டுக்காரன் முகத்திலே எப்படி முழிக்க?"

உபதேசியார் எழுந்தார். ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்து மாட்டினார்.

"வாங்க."

அவர் போய் நின்ற வாசலைக் கண்டதும் சந்தியாகு இரண்டடி பின்வாங்கினார். பாஸ்டர் எசேக்கியாவின் வீடு! 'உபதேசியார் கித்தேரியான் நரகத்துக்குப் போகிற பாதையில் நடக்கிறார்' என்று ஒலிபெருக்கி வைத்து முழங்கியவர் அவர். இன்று இருவரும் இரத்தம் பார்க்காமல் விடமாட்டார்கள் என்று சந்தியாகு பயந்தார்.

பாஸ்டரே கதவைத் திறந்தார்.

"வந்துட்டீரா ஓய்! இன்னும் அந்தச் சொரூபங்களைக் கும்பிடுறதை விட்டபாடில்லையா?"

"உம்ம சபைக்கு வயசு எத்தனை ஓய்? நான் போட்டிருக்கிற சட்டை அதுக்கு மூத்தது."

"வயசுக்குத்தான் மோட்சம்னா ஆமைதான் முதல்ல போய்ச் சேரும்."

இருவரும் சிரிக்கவில்லை. பாஸ்டர் அறையின் நடுவே முழந்தாளிட்டார். கைகளை விரித்தார். "ஆண்டவரே, இந்த மனுஷன் கண்ணைத் திறந்தருளும். இவர் அழிஞ்சுபோனா நான் தாங்கமாட்டேன்" என்று வாய்விட்டு அழுதார். கண்ணீர் தாடி வழியே சட்டையில் சொட்டிற்று.

உபதேசியார் அந்த ஜெபத்துக்கு ஆமென் சொல்லவில்லை. பாஸ்டர் முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பி, தனியே முழந்தாளிட்டுச் செபமாலையைக் கையில் எடுத்தார். எசேக்கியா தாய்த் திருச்சபைக்குத் திரும்ப வேண்டுமென்று உரக்க மன்றாடினார். அவர் குரலும் பாதியில் உடைந்தது. பாஸ்டரும் ஆமென் சொல்லவில்லை.

 பாஸ்டரின் மனைவி நீட்டிய கருப்பட்டிக் காப்பி சந்தியாகுவின் கையில் ஆறிற்று.

தெருவில் இறங்கியதும் சந்தியாகு கேட்டார்.

"எத்தனை நாளா ஐயா இது?"

"பதினோரு வருஷம். வெள்ளி தோறும்."

"உங்களை நரகவாசிங்கிறார்! அவர் சொல்றது தப்பில்லையா?"

"தப்புதான். பெரிய தப்பு. நாளைக்கும் அதை அவர் முகத்துக்கு நேரே சொல்வேன்."

"அப்புறமும் ஏன் அங்கே போறீங்க?"

உபதேசியார் நடையை நிறுத்தினார்.

"அண்ணாச்சி, உங்க கையிலே இருக்கிற தாளிலே முந்நூறு பேர் கையெழுத்து இருக்கு. நான் கெட்டுப்போயிருவேனோன்னு பயந்து அழுத ஒருத்தர் பேரை அதிலே காட்டுங்க, நானும் போடுறேன்."

சந்தியாகு தாளைப் பார்த்தார். உபதேசியாரைப் பார்த்தார். தாளை நாலாக மடித்தார்.

அத்தாளைத் தம் கையெழுத்தின்றிக் கமிட்டித் தலைவரிடம் அவர் திருப்பிக் கொடுத்தது, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்றாம் ஆண்டு, பிப்ரவரித் திங்கள் பதின்மூன்றாம் நாள், சனிக்கிழமை.