மகாராஜா தோளில் ஏறிய வெள்ளிக் குழல்

முன்னொரு காலத்திலே, உப்புக்காத்து ஓயாத கடலோரத்தில் சங்குமேடுன்னு ஒரு நாடு. அதைக் கடம்பராயன்னு ஒரு ராஜா ஆண்டான். நல்ல மனுஷன்தான், ஆனா மினுக்குன்னா உயிரை விடுவான். குதிரை லாடத்துக்குக்கூட மெருகு போடச் சொன்னவன். மண்ணுல மிதிபடுற லாடத்துக்கு எதுக்கய்யா மெருகுன்னு கேட்க ஒருத்தருக்கும் துணிச்சல் இல்லை.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்குக் கடற்காவல் படையோட முந்நூறு துப்பாக்கிகளையும் வரிசையாச் சாத்தி, சந்தனம் குங்குமம் வச்சிருந்தாங்க. ராஜா வந்து பார்த்தான். முகம் சுருங்கிப்போச்சு. ஒரு துப்பாக்கிக் குழல்கூடப் பளபளக்கலை. எல்லாம் பழம்புளி நிறத்துல மங்கிக் கிடந்தது.

"யார் பார்த்த வேலை இது?"

"அடியேன்தான் மகாராஜா," என்று கொல்லன் மூக்காண்டி ஆசாரி முன்னால வந்தார். "உப்புக்காத்து இரும்பைத் தின்னுடுது. அதனால நானே குழல்மேல மெல்லிசாத் துரு ஏத்தி, கொதிக்கிற தண்ணியில போட்டு எடுத்து, தேய்ச்சு, மறுபடியும் ஏத்தினேன். இப்படி ஏழு தடவை. கடைசியா எண்ணெய். இந்தப் பழுப்புத் தோல் இருக்கிறவரைக்கும் கெட்ட துரு உள்ளே இறங்காது."

ஆயுதசாலை அதிகாரி நாகலிங்கம் கடகடன்னு சிரிச்சார். ஆசாரி மேல அவருக்கு ரொம்ப நாளா வயித்தெரிச்சல். துப்பாக்கியில ஒரு கோளாறுன்னா சிப்பாய்கள் இவரைத் தாண்டி நேரா கொல்லன் பட்டறைக்குத்தான் போவாங்க.

"கேட்டீங்களா மகாராஜா! துருவைத் தடுக்கத் துருவாம்! சோம்பேறித்தனத்துக்கு என்னமாப் பேர் வச்சிருக்கான்! என்கிட்ட விடுங்க. முந்நூறுக்கும் வெள்ளி முலாம் பூசித் தர்றேன். எதிரிக் கப்பல் கண்ணு கூசியே திரும்பிப் போயிடும்."

வெள்ளின்னு கேட்டதும் ராஜாவுக்கு வாயெல்லாம் பல். அடுத்த நிமிஷமே கோபம். "பூஜையில துருப்பிடிச்ச ஆயுதத்தை வச்சவன் வலது கையை வெட்டுங்க!"

அடப்பாவமே! கையை எடுத்துட்டா ஒரு கொல்லனுக்கு அப்புறம் என்னய்யா மிச்சம்? ஆசாரி அழலை. காய்ச்சுப்போன வலது கையை இடது கையால பிடிச்சுக்கிட்டு நின்னார்.

ராஜாவோட தலைமை மந்திரி, பிரதானி சிவந்தியப்பர் எழுந்தார். "மகாராஜா, வெட்டின கையைத் திரும்ப ஒட்ட முடியாது. ஒரு மண்டலம் பொறுங்க. ஒரே வயசுப் பழைய குழல் மூணு எடுப்போம். ஒண்ணுக்கு வெள்ளி, ஒண்ணுக்கு அரக்கு, ஒண்ணுக்கு ஆசாரியோட பழுப்பு. மூணும் கடற்கரைக் கொத்தளத்துல தொங்கட்டும். நாப்பத்தெட்டாம் நாள் பார்ப்போம்."

"சரி," என்றான் ராஜா. கொத்தளத்துச் சாவி நாகலிங்கத்துக்கிட்டதான் இருந்தது.

நாப்பத்தெட்டாம் நாள் மூணு குழலையும் கட்டை பொருத்திச் சபைக்குக் கொண்டுவந்தாங்க. வெயில்ல அரக்கு வெடிச்சு உரிஞ்சு, உள்ளே துரு பொரிஞ்சிருந்தது. ஆசாரியோடது போன மாதிரியே பழுப்பா வந்திருந்தது. வெள்ளிக் குழலோ முதல் நாள் மாதிரியே தகதகன்னு இருந்தது.

"பார்த்தீரா பிரதானி! வெள்ளி ஜெயிச்சுடுச்சு," என்று ராஜா கையைத் தட்டினான். "எங்கே வாள்?"

ஆசாரி கண்ணை மூடிக்கிட்டார். பிரதானி வெள்ளிக் குழலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மகாராஜா, ஜெயிச்ச குழலுக்கு முதல் மரியாதை செய்ய வேண்டாமா? முதல் வெடியைத் தாங்களே வெடிக்கணும். நானே வெடிமருந்து கெட்டிச்சுத் தர்றேன்."

ராஜாவுக்கு ஒரே குஷி. துப்பாக்கியைத் தோளில் வச்சு, கன்னத்தைச் சாய்ச்சுக் குறி பார்த்தான். நாகலிங்கத்துக்கு வேர்த்து ஊத்திச்சு.

"மகாராஜா, தங்களுக்கு எதுக்குச் சிரமம்? யாராவது ஒரு சிப்பாயைச் சுடச் சொல்லலாமே..."

"ஏன், எனக்குச் சுடத் தெரியாதா?" ராஜா திரியைப் பத்தவைக்கப் போனான்.

"ஐயோ, வேண்டாம்!" நாகலிங்கம் ஓடிவந்து ராஜா காலைக் கட்டிக்கிட்டார். "வெடிச்சுடும் மகாராஜா! பத்தே நாள்ல வெள்ளிக்கு அடியில துரு கிளம்பிடுச்சு. சுரண்டிட்டு மறுபடி பூசினேன். இரண்டு தடவை. சுரண்டினதுல இரும்பே மெலிஞ்சுபோச்சு!"

ராஜா துப்பாக்கியை மெள்ள இறக்கினான். "என் தோள்னதும் பதறுறே. முந்நூறு சிப்பாய்க்கும் இதைத்தானே கொடுக்க இருந்தே?"

ராஜா பிரதானி பக்கம் திரும்பினான். "இவன் வாயே திறக்காம இருந்திருந்தா?"

"குழல்ல நான் மருந்தே போடலை மகாராஜா. கடற்கரைக்குப் போனா என் மகள் வெள்ளிக் கொலுசு பத்து நாள்ல கறுத்துடும். இது நாப்பத்தெட்டு நாளாகியும் கறுக்கலையேன்னு சந்தேகம் வந்தது. ஆனா தப்பு நாகலிங்கம் பேர்ல மட்டுமில்லை. சுட்டா தாங்குமான்னு தாங்கள் ஒருநாளும் கேட்கலை. பளபளக்குதான்னுதான் கேட்டீங்க."

அப்புறம் வெள்ளிக் குழல்ல முழு மருந்து கெட்டிச்சு, பனைமரத்துல கட்டி, நீளத் திரி வச்சுப் பத்தவச்சாங்க. குழல் மூணு துண்டாச் சிதறி, ஒரு துண்டு மரத்துல ஆழமாப் பாய்ஞ்சது. ஆசாரி தன்னோட பழுப்புக் குழலைத் தன் தோளிலேயே வச்சு ஏழு தடவை சுட்டார். அதுக்கு ஒண்ணும் ஆகலை.

ராஜா சிம்மாசனத்தை விட்டு இறங்கினான். எல்லாரும் பார்க்க, "ஆசாரி, புத்தி கெட்டுப்போய்ப் பேசிட்டேன், மன்னிச்சிடு," என்று சொல்லித் தன் முத்துமாலையை அவர் கழுத்துல போட்டான். ஆயுதசாலையையும் அவர் பொறுப்பிலேயே விட்டான். நாகலிங்கத்தைக் கடற்காவலுக்குச் சாதாரணச் சிப்பாயா அனுப்பினான்.

அன்னைக்கே ஒரு சட்டமும் போட்டான். இனி எந்தத் துப்பாக்கியும் சிப்பாய் கைக்குப் போகுமுன்னே, அதைக் கொடுக்கிறவன் தன் தோளில் வச்சுச் சுட்டுக்காட்டணும். புதுக் குழல்கள் வந்தப்போ முதல் ஆளா நின்னது ராஜாதான். திரி வைக்குமுன்னே குழலை மூணு தடவை தட்டிப் பார்த்தானாம். ஒவ்வொரு சிப்பாயும் தினம் தினம் பட்ட பயத்தை அன்னைக்குத்தான் அவன் தெரிஞ்சுக்கிட்டான்.