விசில் சண்டையில் ஜெயித்த முள்ளம்பன்றி

மலையடிவாரக் காட்டில் ஒரு குளம். வெயில் காலம் வந்தால் அதில் தண்ணீர் வற்றிவிடும். கரையோரமாக ஒரு குட்டை அளவுக்குத்தான் மிஞ்சும். மீதி இடமெல்லாம் வெறும் தரை. அந்தத் தரையில்தான் காட்டு மிருகங்கள் கால்பந்து ஆடும்.

ஒரு பக்கம் முயல்கள். மறுபக்கம் கீரிகள். புல்லைத் திரட்டிக் கொடியால் இறுக்கிச் சுற்றியதுதான் பந்து. நடுவர் வேலை ஆள்காட்டிக் குருவிக்கு. அதற்குத் தனியாக விசில் எதற்கு? தொண்டையே விசில்தான். ஊதினால் மலை வரைக்கும் கேட்கும்.

ஆட்டம் பார்க்க வருகிற கூட்டத்தில் சிலும்பன் என்று ஒரு முள்ளம்பன்றி இருந்தது. கீரிகள் என்றால் அதற்கு உயிர். ஒரு கீரி பந்தைத் தொட்டால் போதும், உடம்பிலுள்ள முள்ளெல்லாம் சிலிர்த்துக்கொண்டு நிற்கும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் பாடு திண்டாட்டம். மான் ஒரு தரம் குத்து வாங்கியது. குரங்கு பல தரம் வாங்கியது. அப்புறம் யார்தான் வந்து உட்காருவார்கள்? சிலும்பன் இருக்கிற பக்கம் எப்போதும் காலியாகவே கிடக்கும்.

ஒரே ஒரு ஆள் மட்டும் தைரியமாக வரும். அது பிடியன் என்கிற உடும்பு. அதற்குத் தோல் தடிப்பு. குத்தினாலும் உறைக்காது, திட்டினாலும் உறைக்காது. குட்டையின் ஓரத்தில்தான் அதன் குடித்தனம். ஆட்டம் தொடங்கப் போகிறது என்றால் மெதுவாக ஊர்ந்து வந்து சிலும்பனுக்குப் பக்கத்தில் படுத்துக்கொள்ளும். ஆனால் அது முயல் கட்சி! வந்து படுத்த நிமிஷத்தில் சண்டை ஆரம்பமாகிவிடும்.

மற்ற நாட்களில் சிலும்பன் வளைக்குள் தனியாகத்தான் இருக்கும். கிழங்கைத் தோண்டும், தின்னும், தூங்கும். பேச்சுத் துணைக்கு ஓர் ஈ காக்கை கிடையாது. வாரத்தில் ஆட்டம் நடக்கிற அந்த ஒரு சாயங்காலம்தான் அது வாயைத் திறக்கும். இதை அது யாரிடமும் சொன்னதில்லை. தனக்குத்தானே சொல்லிக்கொண்டதும் இல்லை.

சரி, சண்டை எதைப் பற்றி? விசிலைப் பற்றித்தான்.

மைதானத்தில் குட்டைப் பக்கம் ஒரே சேறு. எதிர்ப்பக்கம் கட்டாந்தரை. சேற்றில் யாராவது விழுந்தால் ஆள்காட்டி ஊதாது. வழுக்கி விழுந்ததற்கு யாரைக் குற்றம் சொல்வது என்பது அதன் நியாயம். கட்டாந்தரையில் விழுந்தால் உடனே ஊதிவிடும். அங்கே யாரும் தள்ளாமல் விழ முடியாது அல்லவா? பாதி ஆட்டத்தில் இரண்டு அணியும் பக்கம் மாறிக்கொள்ளும். ஆகவே லாபமும் நஷ்டமும் இரண்டு பேருக்கும் சமம்தான். ஆனால் சிலும்பனுக்குக் கீரிகள் சேற்றில் விழுந்தது மட்டும்தான் ஞாபகம் இருக்கும். பிடியனுக்கு முயல்கள் விழுந்தது மட்டும்தான் ஞாபகம் இருக்கும். ரசிகர்களின் ஞாபகசக்தி அப்படிப்பட்டது!

ஒரு நாள் ஆட்டம் சூடாக நடந்துகொண்டிருந்தது. கீரி ஒன்று பந்தை உருட்டிக்கொண்டு சேற்றுப் பக்கத்துக் கோலுக்கு நெருங்கிவிட்டது. குறுக்கே ஒரு முயல் பாய்ந்தது. கீரி தொப்பென்று விழுந்தது. விசில் இல்லை. பந்து கைமாறியது. முயல்கள் அதைக் கட்டாந்தரைப் பக்கம் கொண்டுபோயின. அங்கே ஒரு முயல் விழுந்தது. உடனே விசில்! பெனால்டி! கோல்!

"பாத்தீராவே! பாத்தீரா!" என்று சிலும்பன் குதித்தது. "எங்க ஆளு விழுந்தா ஊத மாட்டா. உங்க ஆளு தும்முனாலே பெனால்டியா?"

"அது சேறுவே! வழுக்கி விழுந்தான். கண்ணு தெரியலையா உமக்கு?"

"முயலு இடிச்சதை இந்தக் கண்ணால பாத்தேன்!"

"நல்லா பாத்தீரு! போன வாரம் எங்க ஆளு அதே சேத்துல குப்புற விழுந்தானே. அப்ப எங்கவே போச்சு உம்ம கண்ணு?"

"அது வேற, இது வேற!"

"அதெப்படிவே வேற? சேறு ஒண்ணுதான!"

உடும்பு பிடித்தால் விடுமா? சிலும்பனுக்கு ஆத்திரம்தான் வந்தது. ஆட்டம் முடிந்ததும் நேரே நடுவரிடம் போய் நின்றது.

"ஏ ஆள்காட்டி! விழுந்தா விழுந்ததுதான். சேறென்ன, தரையென்ன? எல்லாத்துக்கும் ஒரே மாதிரி ஊது!"

ஆள்காட்டி இரண்டு பக்கமும் ஏச்சு வாங்கி அலுத்துப் போயிருந்தது.

"சரி அண்ணாச்சி," என்றது. "அடுத்த ஆட்டத்துல அப்படியே ஊதுதேன்."

சொன்னபடியே ஊதியது. அந்தக் கூத்தை என்னவென்று சொல்ல! சேற்றில் கால் வைத்தவர்கள் எல்லாம் விழுந்தார்கள். விழுந்தபோதெல்லாம் விசில். எழுந்து நின்றவர் அடுத்த அடியில் மறுபடி விழுந்தார். மறுபடி விசில். பந்து சேற்றில் ஊறிக் கனத்துப் போய் ஒரே இடத்தில் கிடந்தது. கடைசி வரை ஒரு கோல்கூட விழவில்லை. பார்க்க வந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

பிடியன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டு உருண்டு சிரித்தது. "கேட்டது கிடைச்சுதா அண்ணாச்சி? திருப்திதான?"

எல்லா மிருகங்களும் சேர்ந்து சிரித்தன. சிலும்பனுக்கு அவமானம் தாங்கவில்லை.

"தப்பு விசில்ல இல்லவே! மைதானத்துல! சேறு இல்லேன்னா எல்லாம் ஒழுங்கா நடக்கும்!"

"குட்டை இருந்தா சேறு இருக்கத்தான் செய்யும்."

"குட்டையே இல்லேன்னா?"

பிடியன் சிரிப்பை நிறுத்தியது. "குட்டை இல்லேன்னா எனக்கு நண்டு ஏது, நத்தை ஏது? பேச்சுக்குக்கூட அப்படிச் சொல்லாதேயும்வே."

சிலும்பன் இதைக் காதில் வாங்கவே இல்லை. குட்டை இல்லாவிட்டால் பிடியனை எப்படி மடக்கலாம் என்று அதன் மனசு அதற்குள் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது.

மறுநாளே வேலையில் இறங்கியது. குளத்துக் கரையின் அடியில் ஒரு வளை தோண்டினால் போதும், தண்ணீர் அந்தப் பக்கத்துப் பள்ளத்தில் இறங்கிவிடும். தோண்டுவதற்கு முள்ளம்பன்றிக்குச் சொல்லியா தர வேண்டும்? தோண்டும்போதெல்லாம் அது தனக்குள் பேசிக்கொண்டது. "இனி என்னவே சொல்லுவீரு? பதில் சொல்லும் பாப்போம்!" என்று மண்ணைப் பார்த்துக் கேட்கும். பிடியனின் முகம் எப்படித் தொங்கிப்போகும் என்று நினைத்துச் சிரிக்கும். அந்த வாரம் முழுக்க அதற்குத் தனிமையே தெரியவில்லை.

தண்ணீர் இறங்கியது. சேறு காய்ந்தது. மான்களும் குரங்குகளும் எப்போதும் ஓடையில்தான் தண்ணீர் குடிக்கும். ஆகவே அவற்றுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. மைதானம் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரே கட்டாந்தரையானது. ஆட்டக்காரர்களுக்கு ஒரே குஷி!

அந்த வாரத்து ஆட்டம் போல ஓர் ஆட்டம் அந்தக் காட்டில் நடந்ததே இல்லை. தள்ளிவிட்டால் விசில், தள்ளாவிட்டால் இல்லை. எந்தப் பக்கமும் ஒரே நியாயம். யாரும் முணுமுணுக்கவில்லை.

பிடியன் தாமதமாகத்தான் வந்தது. வயிறு ஒட்டிப்போயிருந்தது. பக்கத்தில் படுத்து, தொண்டையைச் செருமிக்கொண்டது.

"அண்ணாச்சி, உம்மகிட்ட ஒரு விஷயம்..."

"மொதல்ல ஒத்துக்கிடும்!" என்று சிலும்பன் மறித்தது. "மைதானம் சரியா இருந்தா விசிலும் சரியா இருக்கும்னு நான் சொன்னேனா இல்லையா?"

"சொன்னீரு. அது கிடக்கட்டும். நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"கிடக்கவெல்லாம் முடியாது! ஒத்துக்கிடும்வே! ஒத்துக்கிடும்!"

பிடியன் குட்டை இருந்த இடத்தைப் பார்த்தது. பிறகு சிலும்பனைப் பார்த்தது.

"சரிவே. ஒத்துக்கிடுதேன். நீரு சொன்னதுதான் சரி."

சிலும்பன் எம்பி எம்பிக் குதித்தது. குதித்து முடித்துவிட்டு, பிடியன் ஏதாவது எடக்காகச் சொல்லும் என்று காத்திருந்தது. பிடியனோ முயல்கள் கோல் போட்டபோதுகூட வாயைத் திறக்கவில்லை. அணிகள் பக்கம் மாறிய நேரத்தில், "வாரேன் அண்ணாச்சி," என்று சொல்லிவிட்டுக் கரையேறிப் போய்விட்டது. தோற்றவன் முகம் தொங்கத்தானே செய்யும் என்று சிலும்பன் நினைத்துக்கொண்டது.

அடுத்த வாரம் சிலும்பன் சீக்கிரமே வந்துவிட்டது. கட்சி கட்டிப் பேச நிறைய யோசித்து வைத்திருந்தது. ஆட்டம் தொடங்கியது. பக்கத்து இடம் காலி. பாதி ஆட்டம் முடிந்தது. அப்போதும் காலி. ஆள்காட்டி களைப்பாற வந்து கரையில் உட்கார்ந்தபோது, சிலும்பன் தயங்கித் தயங்கிக் கேட்டது.

"ஏம்மா, பிடியனைக் காணலையே?"

"அவரு போயிட்டாரே அண்ணாச்சி! மலைக்கு அங்கிட்டு வத்தாத குளம் இருக்காம். நண்டு நத்தை இல்லாம இங்கன பட்டினியா கிடப்பாரு?"

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!"

"சொல்லத்தான அன்னைக்கு வந்தாரு? நீரு எங்க பேச விட்டீரு?"

ஆள்காட்டி பறந்துபோய்விட்டது. சிலும்பன் பக்கத்துக் காலி இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு ஒரு நாள் அது மலையைப் பார்த்து நடக்கத் தொடங்கியது. பாதி வழியில் நின்றுவிட்டது. போய் என்ன பேசுவது? 'நான் சொன்னதுதான் சரி' என்பதைத் தவிர அதற்கு வேறு பேச்சே பழக்கமில்லை. மன்னிப்புக் கேட்பதற்கு எப்படி ஆரம்பிக்க வேண்டும் என்றுகூடத் தெரியவில்லை. வந்த வழியே திரும்பிவிட்டது.

அடுத்த ஆட்டத்தன்று காற்று பலமாக அடித்தது. காய்ந்த மண் புழுதியாகக் கிளம்பியது. ஆள்காட்டியின் கண்ணில் தூசி விழுந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து ஒரு கீரி ஒரு முயலைப் பட்டவர்த்தனமாகத் தள்ளியது. விசில் இல்லை. கீரிகள் பந்தைக் கொண்டுபோய்க் கோல் போட்டன.

தன் கட்சி கோல் போட்டால் சிலும்பன் ஆட வேண்டாமா? ஆடவில்லை. பக்கத்தில் இருந்து ஒரு கூச்சல் வரும் என்று காத்திருந்தது. வரவில்லை. கடைசியில் அதுவே எழுந்து கத்தியது.

"அது பவுலு! முயலைத் தள்ளிட்டான்! கண்ணு தெரியலையாவே?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கீரி கட்சி முயலுக்குப் பேசுகிறதே!

சிலும்பன் தானே அதற்குப் பதிலும் சொன்னது. "தள்ளலவே! அவனாத்தான் விழுந்தான்!"

"சிலும்பனுக்குக் கோட்டி பிடிச்சுட்டு," என்று குரங்கு சிரித்தது.

இப்போது பிடியன் பேச வேண்டிய முறை. பிடியன் என்ன சொல்லியிருக்கும்? சிலும்பன் யோசித்து யோசித்துப் பார்த்தது. ஒன்றும் வரவில்லை. இத்தனை நாள் பக்கத்திலேயே இருந்த அந்த உடும்பு பேசியதை அது ஒரு நாளாவது முழுதாகக் கேட்டிருந்தால் அல்லவா இப்போது சொல்ல வரும்! ஆட்டம் முடிந்து கூட்டமெல்லாம் கலைந்துபோன பிறகும், அந்த முள்ளம்பன்றி காய்ந்த தரையைப் பார்த்தபடி ஒற்றையாக உட்கார்ந்திருந்தது.

வாதத்தில் ஜெயிப்பதைவிட, நம்மோடு வாதாட ஒருவர் பக்கத்தில் இருப்பதே பெரிது.