ஓரம் தேய்ந்த செருப்பு

ஒரு பள்ளிக்கூடத்துச் சமையலறையில் செங்கமலம் என்றொருத்தி நூற்றுப்பத்துப் பிள்ளைகளுக்குச் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். காலை எட்டு மணியிலிருந்து நின்றபடியே வேலை. அவ்வளவு நேரமும் அவளைத் தாங்கியது ஒரு ஜோடி ரப்பர்ச் செருப்பு.

அதில் வலது செருப்புக்கு மட்டும் ஒரு ரகசியம் தெரியும். ஒன்றரை வருஷமாக வலது கால் பெருவிரலை ஊன்றுவதே இல்லை. சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்தே நடந்தது. செருப்பின் அந்த ஓரம் வெற்றிலை போல மெலிந்துவிட்டது.

"ஏன் இப்படிச் சாயுற?" என்று செருப்பு கேட்டது.

"பெருவிரல் மூட்டை மடக்கினா உயிர் போகுது," என்றது கால். "யார்கிட்டயும் சொல்லிடாத. காலுக்கு நோவுன்னு தெரிஞ்சா வேலையை விட்டு நிறுத்திருவாங்க. அவ பாவம்."

கால் மறைத்தது. சாய்ந்த நடையின் பாரம் முழுக்க முழங்காலில் இறங்கியது. முழங்காலுக்குப் பொறுக்கத் தெரியாது; கத்தியது. செங்கமலம் அதற்குத் தைலம் தேய்த்துப் பார்த்தாள். அடங்கவில்லை. ஒரு சனிக்கிழமை டாக்டரம்மாவிடம் போனாள்.

செருப்பை வாசலில் கழற்றினாள். உள்ளே முழங்காலின் வழக்குத்தான் நடந்தது. கால் புடவைக் கரைக்குள் ஒளிந்துகொண்டது.

"முட்டிதாம்மா. படி ஏற முடியல."

டாக்டரம்மா முட்டியை அமுக்கிப் பார்த்தார். நடக்கச் சொல்லிப் பார்த்தார். பிறகு, "தினமும் போடுற செருப்பை எடுத்துட்டு வாங்க," என்றார்.

"செருப்பையா? இங்கயா?"

வாசலில் இடது செருப்புக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"இந்தா பாரு, உன் அடியைக் காட்டித் தொலைக்காத. தரையோட ஒட்டிக் கிட. பாத்தாங்கன்னா நம்ம ரெண்டு பேரையும் தூக்கிப் போடச் சொல்லுவாங்க. நான் இன்னும் தேயவே இல்ல. உன்னால நான் ஏன் குப்பைக்குப் போகணும்?"

வலது செருப்பு அடியைத் தரையோடு ஒட்டிக்கொண்டது. இடது சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் வலது செருப்பின் வார் அறுந்த அன்று, தன் தாலிக்கயிற்றில் கிடந்த ஊக்கைக் கழற்றி மாட்டி அதைக் காப்பாற்றியவள் செங்கமலம். ஒரு நாளும் அதை உதைத்துக் கழற்றியதில்லை.

மேசையில் செய்தித்தாள் விரித்து, ஜோடியை அதன்மேல் வைத்தாள். வைத்ததுமே வலது செருப்பு தானாகப் புரண்டு குப்புறப் படுத்தது.

"ஐயோ, இப்படிக் கெடந்தா வீட்டுல சண்டை வரும்," என்று கை நீட்டினாள் செங்கமலம்.

"இருக்கட்டும்." டாக்டரம்மா தேய்ந்த ஓரத்தை விரலால் தடவினார். "இவ்வளவு நாள் எப்படி நடந்தீங்க? பெருவிரலைக் காட்டுங்க."

கால் தயங்கித் தயங்கி வெளியே வந்தது. அவர் விரலை மெல்ல மடக்கியதும் செங்கமலம் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டு எலும்புக்கு நடுவுல மெத்தை மாதிரி ஒண்ணு இருக்கும். உங்களுக்கு இந்த மூட்டுல அது தேஞ்சு போச்சு. வலிக்குப் பயந்து கால் ஓரமா ஓடுது. முட்டி அடி வாங்குது."

"வேலைக்குப் போலாமாம்மா?"

"தாராளமா. காய் நறுக்குறதை உக்காந்து செய்யுங்க. தேஞ்ச மெத்தை திரும்ப வராது. ஆனா முன்பக்கம் அகலமா, அடி வளையாத செருப்பு போட்டா வலி அடங்கியே இருக்கும். இது மட்டும் இனி வேண்டாம்."

செங்கமலம் கண்ணைத் துடைத்துக்கொண்டு கும்பிட்டாள்.

மறுவாரம் புதுச் செருப்பு வந்தது. பழைய ஜோடியைக் கழுவித் துடைத்துக் குப்பைத்தொட்டி ஓரமாக வைத்தாள்.

"வாயே திறக்காம இருந்த என்னை நீ காப்பாத்திட்ட," என்றது கால். "உன்னைத் தேச்சே அழிச்சதும் நான்தான்."

"தேஞ்சதாலதானே அவங்களுக்குத் தெரிஞ்சுது. எனக்கு வருத்தமில்ல."

"எனக்கு இருக்கு," என்றது இடது. பிறகு, "சரி, போனாப் போகுது. அவ நல்லாயிருக்கட்டும்," என்றது.

கால் புதுசுக்குள் நுழைந்தது. முதல் அடியிலேயே பழக்கம் விடாமல் வெளிப்பக்கம் சாயப் பார்த்தது.

"அந்த ஓரத்துல இப்ப நான் இல்ல," என்றது பழைய செருப்பு. "நேரா ஊனிப் போ."