அந்தரத்தில் நின்றவனின் பகடை

மிதக்கிறவனுக்கு ஒரு வசதி உண்டு, ஒரு சங்கடமும் உண்டு. தரையில் நடப்பது எதுவும் அவனைத் தொடாது. ஆனால் காலுக்குப் பிடிமானம் இல்லாததால் அவன் கை நிலைகொள்ளாது. அந்தரத்தில் நின்றபடி மந்திர அம்பை ஏவுகிறவன் இருபது முகப் பகடையை இரண்டு முறை எறிய வேண்டும். இரண்டில் குறைந்த எண்தான் கணக்கு. தரையில் நிற்பவனுக்கு ஒரே எறி போதும். பாளையங்கோட்டையில் தில்லைநாயகத்தின் மூக்குக்கண்ணாடிக் கடை மாடியில் ஞாயிறு மதியங்களில் நடந்த ஆட்டத்தின் விதி அது.

தில்லைநாயகம் கதையை நடத்துவார். அரக்கர்களும் கோட்டைகளும் புயலும் அவர் பொறுப்பு. மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, அதற்கொரு சின்னப் பொம்மையை மேசைமேல் நிறுத்தி, தாங்கள் செய்வதைச் சொல்லி, பகடை எறிவார்கள். கணக்கு டீச்சர் மும்தாஜ் வாள்வீராங்கனை. அமலதாசன் வேம்பன் என்னும் மந்திரவாதி.

அமலதாசனுக்கு ஊருக்கு வெளியே துணைமின்நிலையத்தில் வேலை. மீட்டர் முட்களைப் பார்த்துக்கொண்டு ஓர் அறையில் தனியாக உட்கார்ந்திருக்க வேண்டும். வீட்டிலும் தனிதான். வாரத்தின் மற்ற நாட்களில் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. இங்கே அவனுக்கு இரண்டு பெயர்கள் இருந்தன.

அந்த மேசைக்கு ஒரு வழக்கம் இருந்தது. யாருடைய பாத்திரம் சாகிறதோ அவர், கதை முடியும்வரை நாற்காலியை விட்டுக்கொடுக்க வேண்டும். இந்தக் கதை முடிய இன்னும் ஒரு வருஷமாவது ஆகும். மும்தாஜின் பள்ளியிலிருந்தே ஓர் ஆசிரியர் இடத்துக்குக் காத்திருந்தார்.

அன்று வேம்பனுக்கு உயிர் ஒரு நூலளவு மிச்சம். எதிரே இரும்பலகுப் பறவை. அது ஒரு முறை கொத்தினால் தீர்ந்தான். தரையில் நிற்கும்வரை அதற்கு மிதப்பவன் எட்டமாட்டான்; அம்பு குறி தவறினால் மட்டும் பறந்து வந்து கொத்தும். அதனால் அமலதாசன், "நான் எழும்பி மிதக்கேன்" என்று அறிவித்திருந்தான். மிதப்பவரின் பொம்மையைக் கவிழ்த்த எவர்சில்வர் தம்ளரின் மேல் நிறுத்துவது அவர்கள் முறை. வேம்பன் தம்ளர் மேல் நின்றான்.

ஆட்டத்தின் நடுவே மின்விசிறிக் காற்றில் மும்தாஜின் பொம்மை உருண்டு, மேசையில் வரைந்திருந்த அகழிக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. "நான் அகழியத் தாண்டிட்டேனா அண்ணாச்சி?" என்றாள்.

"அப்ப விசிறிதான் ஆடுது, நீங்க எதுக்கு டீச்சர்?" என்றார் தில்லைநாயகம். "பொம்மை எங்க கெடந்தா என்ன? வாயால சொன்னதுதான் நடந்தது."

பிறகு டீ வந்தது. ஒரு தம்ளர் குறைந்தது. தில்லைநாயகம் பேச்சுவாக்கில் வேம்பனை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, அந்தத் தம்ளரை நிமிர்த்தி டீ ஊற்றி அமலதாசனிடமே கொடுத்தார்.

பாதி குடித்தபோதுதான் வேம்பன் வெறும் மேசையில் நிற்பதை அமலதாசன் கவனித்தான். யாராவது சொல்வார்கள் என்று காத்திருந்தான். யாரும் சொல்லவில்லை.

ஆட்டம் தொடர்ந்தது. "மதில்லேருந்து கொதிக்க கொதிக்க எண்ணெய ஊத்துதானுவ. தரையெல்லாம் ஓடுது. தரையில நிக்கிற எல்லாத்துக்கும் காயம்" என்றார் தில்லைநாயகம். மும்தாஜ் தன் உயிர்க்கணக்கில் குறைத்துக்கொண்டாள். அமலதாசன் தன் கணக்கில் எதையும் குறைக்கவில்லை. அவனை யாரும் கேட்கவும் இல்லை.

அடுத்தது அவன் முறை. "பறவை மேல தீயம்பு." அவன் தம்ளரை இடது கைக்கு மாற்றிக்கொண்டு பகடையை எறிந்தான். பன்னிரண்டு வந்தால் போதும். பதினாறு விழுந்தது.

மும்தாஜ் கைதட்டினாள். தில்லைநாயகம் பறவையை எடுக்கக் கை நீட்டி, நிறுத்தினார்.

"இன்னொண்ணு எறியும் வே."

"எதுக்கு?"

"அந்தரத்துலல்லா நிக்கீரு."

"பொம்மை தரையிலதான் நிக்கு."

தில்லைநாயகம் பொம்மையைப் பார்த்தார், அவன் கையிலிருந்த தம்ளரைப் பார்த்தார். சிரித்துவிட்டார். "டீ குடிச்சா கீழ எறங்கிருவீரோ? நல்ல மந்திரவாதி வே நீரு! எறியும்."

"விடுங்க அண்ணாச்சி" என்றாள் மும்தாஜ். "தம்ளர எடுத்தது நீங்க. நானும் அப்பவே பாத்தேன், சொல்லல. விழுந்தது விழுந்ததா இருக்கட்டும். பாவம், அமலன் அண்ணனுக்கு இது ஒண்ணுதானே இருக்கு."

அமலதாசன் தம்ளரைக் கீழே வைத்தான். வேம்பனை எடுத்து மேசைமேல் மல்லாக்கப் படுக்கவைத்தான்.

"தரையில நின்னேன்னுதானே எறிஞ்சேன்? அப்ப அந்த எண்ணெயிலயே செத்திருக்கணும். செத்துட்டேன். அந்த சாரை வரச் சொல்லுங்க, டீச்சர்." செருப்பைத் தேடி எழுந்தான்.

இன்னொரு முறை எறியச் சொன்னார் ஒருவர். விழுந்ததே இருக்கட்டும் என்றாள் ஒருத்தி. செத்துவிட்டேன் என்று எழுந்தான் ஒருவன். இந்த மூவரில் யார் சொன்னது சரி?

விடை: தில்லைநாயகம் சொன்னதே சரி. மிதக்கிறேன் என்று வாயால் சொன்ன வேம்பன், இறங்கினேன் என்று சொல்லவே இல்லை. ஆகவே அவன் அந்தரத்தில்தான் நின்றான். எண்ணெய் அவனைத் தொட்டிருக்க முடியாது, அவன் சாகவில்லை. எண்ணெய்க்கு அந்தரத்தில் நின்றவன் அம்புக்கு மட்டும் தரையில் நிற்க முடியாது என்பதால் இரண்டாவது எறியும் பாக்கி. மும்தாஜ் காட்டியது இரக்கம். ஆனால் விதியைத் தளர்த்தி உட்கார வைக்கப்படுகிறவன் அந்த மேசையில் விருந்தாளிதான். அமலதாசன் தேடியது தண்டனை; பிறர் போகச் சொல்வதற்குள் தானே போய்விடுவது அவனுக்குச் சுலபமாக இருந்தது. இன்னொண்ணு எறியும் என்று கேட்டவர் மட்டுமே அவனை ஆட்டக்காரனாக நடத்தினார். இரண்டாவது பகடையில் என்ன விழுந்தது என்பது கேள்விக்கு வெளியே. இருந்தாலும் சொல்லிவிடலாம்: அவன் திரும்பி வந்து எறிந்தான், விழுந்தது நான்கு. பறவை பறந்து வந்து கொத்தியது, வேம்பன் செத்தான். அமலதாசன் நாற்காலியைச் சுவரோரம் நகர்த்தி வைத்தான். ஆனால் வீட்டுக்குப் போகவில்லை. பறவையை மும்தாஜ் எப்படி வீழ்த்துகிறாள் என்று நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.